ஜாஸ் கிட்டார் வாசித்தும் கற்பித்தும் வாழ்வது எப்படி

ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழு ஒரு பாட்டைப் பத்து நிமிடம் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிட்டார்காரர் தனியாக மனோதர்மம் (அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பது) வாசிக்கும் நேரம் ஒன்றரை நிமிடம் இருக்கும். தாராளமாகச் சொன்னால் இரண்டு. மீதி நேரமெல்லாம் அவர் சாக்ஸஃபோனுக்கோ டிரம்பெட்டுக்கோ பாடகருக்கோ பக்கவாத்தியம். ஆனால் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் தங்கள் பயிற்சி முழுவதையும் அந்த ஒன்றரை நிமிடத்துக்கே செலவிடுகிறார்கள். என்னைக் குழுவில் சேர அழைத்தவர் எவரும் "நீங்கள் வேகமாக வாசிக்கிறீர்கள்" என்று சொல்லி அழைத்ததில்லை. "நீங்கள் பின்னால் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கிறது" என்றுதான் சொன்னார்கள். பிழைப்புக்கு வழி எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே போதுமான தடயமாக இருந்தது. ஆகவே பக்கவாத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று தந்தி போதும்

ராக் இசையிலிருந்து வருபவர் ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்தி கார்ட் (பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் தொகுப்பு) வாசிப்பார். தனியாக இருக்கும்போது அது நன்றாகத்தான் ஒலிக்கும். குழுவில் அது, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ்காரரின் இடத்தையும் பியானோவின் இடத்தையும் ஒருசேர மிதித்துவிடும். ஒரு கார்டின் குணத்தைக் காட்ட, அதன் ஆதார ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் போதும். அது மேஜரா மைனரா, அங்கேயே இளைப்பாறுகிறதா அல்லது அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டிலேயே தெரிந்துவிடும். ஆதார ஸ்வரத்தை எப்படியும் பேஸ் வாசிக்கும்.

இதைக் கையில் எடுத்துப் பாருங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற மூன்று கார்டுகள் ஜாஸில் திரும்பிய பக்கமெல்லாம் வரும் தொடர். தடித்த தந்தியை ஆறாவது என்று எண்ணினால், முதல் கார்டுக்கு ஐந்தாம் தந்தியில் 5-வது ஃபிரெட் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி), நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 5. இரண்டாவது கார்டுக்கு ஆறாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 4. கடைசிக் கார்டுக்கு ஐந்தாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 2, மூன்றாம் தந்தியில் 4. மெதுவாக வாசித்து, நடுவிலுள்ள இரண்டு தந்திகளை மட்டும் கவனியுங்கள். முதல் மாற்றத்தில் மூன்றாம் தந்தி ஒரு ஃபிரெட் இறங்குகிறது, நான்காம் தந்தி அசையவில்லை. இரண்டாம் மாற்றத்தில் நான்காம் தந்தி ஒரு ஃபிரெட் இறங்குகிறது, மூன்றாம் தந்தி அசையவில்லை. கை ஓடியாடி இடம் மாறுவதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். இசை உள்ளே நகர்ந்தது என்னவோ இரண்டே ஃபிரெட்.

அடுத்தது ஆதார ஸ்வரத்தையும் விட்டுவிடுவது. எஃப் சுருதியில் ப்ளூஸ் என்ற பாட்டு வடிவத்தை வாசிக்க நான்காம், மூன்றாம் தந்திகள் இரண்டு மட்டும் போதும். நான்காம் தந்தியில் 7, மூன்றாம் தந்தியில் 8 வைத்தால் எஃப் செவன். இரண்டு விரலையும் அப்படியே ஒரு ஃபிரெட் கீழே இறக்கினால் பி பிளாட் செவன். எஃப் செவனிலிருந்து ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினால் சி செவன். பன்னிரண்டு அளவு (ஒவ்வொன்றும் நான்கு தட்டு கொண்ட தாளப் பகுதி) கொண்ட ப்ளூஸில் முதல் நான்கு அளவு எஃப், இரண்டு அளவு பி பிளாட், இரண்டு எஃப், பிறகு சி ஒன்று, பி பிளாட் ஒன்று, எஃப் இரண்டு. முழுப் பாட்டும் மூன்று பக்கத்து இடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பேஸ்காரர் ஒருவரை அழைத்து இதை வாசித்துப் பாருங்கள். யாரும் "ஏதோ குறைகிறது" என்று சொல்ல மாட்டார்கள்.

எஃப், பி பிளாட், ஈ பிளாட் என்ற சுருதிகளுக்குக் கையைப் பழக்குவது அவசியம். கிட்டாரில் வெறும் தந்திகள் ஒத்துழைக்கும் ஈ, ஏ, டி சுருதிகளில் வளர்ந்தவர்கள் இங்கே வந்ததும் முகம் சுளிப்பார்கள். டிரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் பி பிளாட்டை ஆதாரமாகக் கொண்ட வாத்தியங்கள், ஆல்ட்டோ சாக்ஸஃபோன் ஈ பிளாட்டை ஆதாரமாகக் கொண்டது. பாட்டின் சுருதி பெரும்பாலும் அவற்றை வாசிப்பவர்களின் வசதிப்படிதான் அமையும். நமக்காக எவரும் மாற்றப்போவதில்லை.

கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீனைக் கேளுங்கள். 1937-இல் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும் வரை அங்கேயே வாசித்தார். தனி வாசிப்பு என்று அவரிடம் தேடினால் மிகக் குறைவாகவே கிடைக்கும். ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில், அளவுக்கு நான்கு தட்டு, அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று தந்திகளுக்கு மேல் அவர் ஒலிக்கவிடுவதில்லை. சில பதிவுகளில் உற்றுக் கேட்டால் ஒரே ஸ்வரம்தான் காதுக்கு எட்டுகிறது. பித்தளை வாத்தியங்கள் நிறைந்த பெரிய குழு அந்த ஒற்றைச் சத்தத்தின்மீது நடந்தது.

பியானோ இருக்கும் குழுவில் இன்னொரு சிக்கல் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் கார்ட் வாசித்தால் சந்தைக்கடை இரைச்சல்தான். தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்: சாக்ஸஃபோன் வாசிக்கும்போது நீங்கள், டிரம்பெட் வாசிக்கும்போது நான். பேச வாய்ப்பில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். மேடையில் சும்மா இருப்பதற்கும் சம்பளம் உண்டு. இருவரும் சேர்ந்தே வாசிப்பது எப்படி இருக்க முடியும் என்று அறிய, கிட்டார்காரர் ஜிம் ஹாலும் பியானோக்காரர் பில் எவன்ஸும் 1962-இல் இருவர் மட்டுமாகப் பதிவு செய்ததைக் கேட்கலாம். பேஸும் டிரம்ஸும் இல்லாமலே தாளம் நிற்கிறது. பியானோ முன்னால் வரும் இடத்தில் கிட்டார் வெறும் தாளமாகச் சுருங்கிக்கொள்கிறது; ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் நுழைகிறார்.

தாளம்

தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்து ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' கேட்டபடி வாசிப்பது ஊன்றுகோலோடு நடப்பது. ஜாஸ் பயிற்சிக்கு அதை 60-இல் வையுங்கள். கேட்கும் ஒவ்வொரு டிக்கும் இரண்டாம் தட்டு, நான்காம் தட்டு என்று மனத்தில் கொள்ளுங்கள். முதல் தட்டும் மூன்றாம் தட்டும் உங்கள் பொறுப்பு. தொடங்குவதே கடினமாக இருக்கும். டிக் சத்தம் நழுவி முதல் தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு, டிக் வரும்போது "இரண்டு", "நான்கு" என்று வாயால் சொல்லுங்கள். அது நிலைத்ததும் இடைவெளிகளில் "ஒன்று", "மூன்று" சேருங்கள். அதன் பிறகே தந்தியைத் தொடுங்கள்.

அது பழகிவிட்டால் 30-இல் வைத்து, அளவுக்கு ஒரே ஒரு டிக்; நான்காம் தட்டில் மட்டும். இரண்டு டிக்குகளுக்கு நடுவே நீங்கள் ஓடுகிறீர்களா, பின்தங்குகிறீர்களா என்பது ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். உற்சாகமான இடத்தில் எல்லோரும் ஓடுவார்கள். கார்ட் மாறும் இடம் தெரியாதவர்கள் மட்டும் பின்தங்குவார்கள், ஆகவே அது தாளக் கோளாறு அல்ல, பாடம் மனப்பாடம் ஆகாத கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஸ்விங் என்ற அந்த ஊசலாட்டத்தை எழுத்தில் விளக்க முடியாது என்று பலர் கைவிரிப்பார்கள். பாதியாவது முடியும். தட்டை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு பங்கை ஒரு ஸ்வரத்துக்கும் கடைசிப் பங்கை அடுத்ததற்கும் கொடுங்கள். மெதுவான, மத்திமமான வேகத்தில் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். வேகமான பாட்டிலும் மூன்று பங்குக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களின் வாசிப்பு நொண்டியடிக்கும். மீதிப் பாதியைக் காதால்தான் எடுக்க வேண்டும்.

காதால் எடுப்பது

ஒலிப்பதிவிலிருந்து ஒருவரின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுக் கையில் கொண்டுவருவதுதான் இந்த இசையின் பாடசாலை. கிட்டார்காரர் வெஸ் மாண்ட்கோமெரி இருபது வயது வாக்கில், மின்கிட்டார் வாசித்த சார்லி கிறிஸ்டியனின் வாசிப்புகளை அப்படியே காதால் எடுத்து, அவற்றை மேடையில் வாசித்துத்தான் வேலை பெற்றார். இசைக்குறிப்பைப் படிக்க அவருக்குத் தெரியாது. பகலில் தொழிற்சாலை, இரவில் மேடை. சார்லி கிறிஸ்டியனோ 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, 1942-இல் 25 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். அந்தச் சில ஆண்டுப் பதிவுகளிலிருந்துதான் பின்னால் வந்த மின்கிட்டார்க்காரர்களில் பலர் புறப்பட்டார்கள். அவர் வாசிப்பு மெதுவான வேகத்தில் தெளிவாக இருக்கும். தொடங்குவதற்கு அவரைவிட நல்லவர் இல்லை.

எட்டு அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் எடுக்கும் ஆசை வேண்டாம். முதலில் பாடுங்கள். குரல் மோசமாக இருந்தாலும் சரி, ஸ்வரம் சரியாக விழ வேண்டும். பதிவோடு சேர்ந்து தடுமாறாமல் பாட முடிகிற வரை கிட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும். பாடத் தெரியாததை விரல் தேடிப் பிடிக்கும்போது அது ஊகமாகத்தான் இருக்கிறது. இப்போதைய மென்பொருள்களில் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். பழைய நாடாக் கருவியில் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், அதையும் வைத்துக்கொண்டு எடுத்த தலைமுறை உண்டு. வேகத்தைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் எடுத்து முடித்த பிறகு முழு வேகத்தில் பதிவோடு சேர்ந்து வாசிக்காதவரை பாடம் முடியவில்லை.

கிட்டாருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரில் மெல்லிய தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் அதே ஈ ஸ்வரம், இரண்டாம் தந்தியில் 5, மூன்றாவதில் 9, நான்காவதில் 14, கழுத்து நீளமான வாத்தியமாக இருந்தால் ஐந்தாவதில் 19 என்று ஐந்து இடங்களில் கிடைக்கும். ஸ்வரம் ஒன்றே, நிறம் வேறு. பதிவில் வாசித்தவர் எந்த இடத்தில் வாசித்தார் என்று தேடுவது பாதி வேலை. ஒரு சொற்றொடர் கையில் சங்கடமாக இருந்தால் ஸ்வரம் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இந்த முறையின் வலிமைக்கு நான் மாணவர்களிடம் சொல்லும் உதாரணம் கிட்டார்காரர் பேட் மார்டினோ. 1980-இல் நடந்த மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நினைவு பெருமளவு போய்விட்டது. மீண்டும் வாசிக்கக் கற்றபோது அவருக்குத் துணை நின்றவற்றில் அவருடைய சொந்தப் பழைய ஒலித்தட்டுகளும் உண்டு.

அழைப்பு வருவதற்கு

திறமையைவிட முதலில் பார்க்கப்படுவது மற்ற விஷயங்கள். நேரத்துக்கு வருவது. சுருதி சேர்ப்பதைச் சத்தமின்றிச் செய்வது. பாட்டின் வடிவம் தெரிந்திருப்பது: 32 அளவா, 12 அளவா, நடுப்பகுதி எப்போது வருகிறது என்பது. சேர்ந்து வாசிக்கும் பொதுக் கூட்டங்களில் இரண்டு சுற்று மனோதர்மம் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். நான்காம் சுற்றில் உங்களிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. டிரம்ஸ்காரருக்கு அது முன்பே தெரிந்துவிடும்.

பாடகர்களோடு வாசிக்கும் கிட்டார்காரருக்கு வேலை குறைவதே இல்லை. அதற்கு ஒரே தகுதி, எந்தப் பாட்டையும் அவர்கள் கேட்கும் சுருதியில் அந்தக் கணமே வாசிப்பது. கார்ட்களைப் பெயராக மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். சுருதியின் எத்தனையாவது ஸ்வரத்தில் கார்ட் நிற்கிறது என்று கணக்கிட்டு, ஒன்றாவது, ஆறாவது, இரண்டாவது, ஐந்தாவது என்று எண்ணாக மனப்பாடம் செய்தவர் தப்பிப்பார். வாரத்துக்கு ஒரு பாட்டை எடுத்துப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசியுங்கள். பாடகர் தொடங்கும் முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சுருதி, எந்த வேகம், முடிவை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்காதவர்கள்தான் அதிகம். பாட்டுகள் சிதறுவதும் அங்கேதான்.

பையில் மாற்றுத் தந்திகள், இரண்டு இணைப்புக் கம்பிகள், மின் நீட்டிப்புக் கம்பி, பென்சில், பழைய துணி. உள்ளே வெற்றிடமுள்ள ஆர்ச்டாப் கிட்டார் வைத்திருந்தால் ஒலிபெருக்கியை நேராக வாத்தியத்தைப் பார்க்கும்படி வைக்காதீர்கள், ஊளையிடும். சமன் செய்ய முதலில் தாழ்ந்த ஒலிகளைக் குறையுங்கள். மெல்லிய தந்தி 0.012 அங்குலமாக இருக்கும், தட்டையான கம்பி சுற்றிய தந்தித் தொகுதி, மூன்றாம் தந்தியும் சுற்றப்பட்டதாக இருந்தால், அந்தத் தடித்த பழைய நாதம் பாதி வந்துவிடும். மீதிப் பாதி விரலில்.

பணம் பற்றி வெட்கப்படாதீர்கள். நாள், தொடங்கும் நேரம், எத்தனை பகுதிகள், இடைவேளை, தொகை, யார் எப்போது தருவார் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத் தேதியை உறுதி செய்யுங்கள். வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்ட ஒரு விடுதியிடம் பாக்கிக்காக நான் நடையாய் நடந்திருக்கிறேன். அங்கே மேலாளர் மாறியதும் அந்த வார்த்தையும் மாறிவிட்டது. நீங்களே குழுத் தலைவராக இருக்கும் நாளில், விடுதி பணம் தராவிட்டாலும் உடன் வாசித்தவர்களுக்கு அன்றே கொடுத்துவிடுங்கள். அந்தச் செய்தி வாத்தியக்காரர்களிடையே விளம்பரத்தைவிட வேகமாகப் பரவும்.

இதை வைத்து மட்டும் குடும்பம் ஓடுமா? பெரும்பாலோருக்கு ஓடுவதில்லை. ஜாஸ் கிட்டார்காரர் டால் ஃபார்லோ உச்சத்தில் இருந்தபோதே மேடையை விட்டு விலகி, தமக்குத் தெரிந்த பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்குத் திரும்பினார். வேறு வேலை பார்ப்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் வாத்தியத்தோடே இருக்க வேண்டும் என்றால் எஞ்சுவது கற்பித்தல்.

வகுப்பு

முதல் வகுப்பில் எதையும் கற்பிக்காதீர்கள். வந்தவர் தமக்குத் தெரிந்ததை வாசிக்கட்டும். நீங்கள் கீழே மெதுவாக இரண்டு ஸ்வரக் கார்டுகளால் பக்கவாத்தியம் வாசியுங்கள். பத்து நிமிடத்தில் அவருடைய காது எங்கே இருக்கிறது, தாளம் எங்கே நழுவுகிறது, எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவருக்கும் ஒன்று தெரிந்துவிடும்: தம் வாசிப்பு இன்னொருவரோடு சேரும்போது எப்படி ஒலிக்கிறது என்று. பலருக்கு அது வாழ்நாளில் முதல் அனுபவமாக இருக்கும்; படுக்கையறையில் தனியாக வாசித்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

அடுத்து ஆசிரியர் பெரும்பாலும் செய்வது, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்வரவரிசையை எழுதிக் கொடுப்பது. இதற்கு இது, அதற்கு அது. மாணவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார், ஏணியில் ஏறி இறங்குவதுபோல் வாசித்துக்கொண்டு திரும்பி வருவார். நான் அந்தத் தாள்களைக் கொடுப்பதில்லை. முதலில் மேலே சொன்ன மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் கொண்டு ப்ளூஸ் முழுவதும் மனோதர்மம் வாசிக்கச் சொல்கிறேன். கார்ட் மாறும் கணத்தில் புதிய கார்டின் ஸ்வரத்தில் இறங்க வேண்டும் என்பது மட்டும் விதி. அது வந்த பிறகு, இறங்கப்போகும் ஸ்வரத்துக்கு ஒரு ஃபிரெட் கீழிருந்து அணுகலாம் என்று ஒரே ஒரு சலுகை. இந்த ஒரு சலுகையிலேயே ஜாஸின் வாசனை வந்துவிடும். ஸ்வரவரிசைகள் அதற்குப் பிறகு வரட்டும். அப்போது அவை எதற்கு என்று மாணவருக்கே தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என்னிடம் கற்கிறார். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் பிழையின்றிப் படித்து வாசிப்பார். கிட்டாருக்கான குறிப்பு உண்மையில் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது என்பதை எனக்கு முன்பே படித்துவிட்டு வந்து என்னிடம் கேள்வி கேட்டவர். அவருக்கு வராத ஒன்று, வாசிக்காமல் இருப்பது. ஒரு காலி இடத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். இரண்டு அளவு வாசியுங்கள், இரண்டு அளவு சும்மா இருங்கள் என்று கட்டுப்பாடு போட்டேன். சும்மா இருக்கும் அளவுகளில் அவருடைய கால் வேகமாகத் தட்ட ஆரம்பித்தது. வெற்றிடத்தில் தாளம் ஓடியது. கோளாறு விரலில் இல்லை, மௌனத்தை எண்ணத் தெரியாததில் இருந்தது. அந்த அளவுகளில் என் கார்டுகளைக் கேட்டு அதில் மேல் ஸ்வரம் எது என்று பிறகு பாடிக்காட்டச் சொன்னேன். காதுக்கு வேலை கிடைத்ததும் கால் அடங்கியது.

இன்னொருவர் பள்ளி மாணவி. கணக்காளருக்கு நேர்மாறு. விரல்கள் பறக்கும், எதை வாசித்தோம் என்று அவருக்கே தெரியாது. அவரிடம் கிட்டாரை வாங்கி வைத்துவிட்டு, நான் கார்ட் வாசிக்க, வாயால் மனோதர்மம் பாடச் சொன்னேன். கூச்சத்தில் மூன்றே ஸ்வரம் பாடினார். அந்த மூன்றும் அவர் அன்றுவரை வாசித்த முந்நூறைவிட நன்றாக இருந்தன. இப்போது வாசிக்கும்போது கூடவே முணுமுணுக்கிறார். மூச்சு முடியும் இடத்தில் வாக்கியமும் முடிகிறது. "கை சிறியது, விரல் எட்டவில்லை" என்று புகார் சொல்பவர்களிடம் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்டைக் கேட்கச் சொல்வேன். 1928-இல் தீக்காயத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, மீதி இரண்டு விரல்களால் அவர் வாசித்த தனி வாசிப்புகளைக் கேட்டவர்கள் அந்தப் புகாரை மறுபடி எடுப்பதில்லை.

வகுப்பில் நீங்கள் வாசித்துக்காட்டுவதைக் குறையுங்கள். மாணவர் பாராட்டுவார், உங்களுக்கும் இனிக்கும், மணி போய்விடும். ஒரு வகுப்புக்கு ஒரு விஷயம். வகுப்பை மாணவர் பதிவு செய்துகொள்ளட்டும். வீட்டுக்குப் போய்க் கேட்கும்போது, தாம் நன்றாக வாசித்ததாக நினைத்த இடம் எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார். குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதட்டும்.

இணையவழி வகுப்பில் ஒன்று மட்டும் நடக்காது: சேர்ந்து வாசிப்பது. ஒலி போய்வரும் தாமதத்தில் தாளம் உடைந்துவிடும். இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் பக்கவாத்தியத்தை மூன்று வேகங்களில் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்புங்கள். மாணவர் தம் அறையில் அதை ஓட்டி அதன்மேல் வாசிக்கட்டும், நீங்கள் உங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நேரில் நடப்பதைவிட உங்கள் காது இங்கே அதிகம் வேலை செய்யும், ஏனென்றால் கை சும்மா இருக்கிறது.

கட்டணத்தை மாத ஆரம்பத்தில் வாங்குங்கள். ஒரு நாள் முன்பே சொல்லி ரத்து செய்தால் மாற்று நாள், சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு போனது என்ற விதியை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கறாராக இருப்பதில் தயக்கம் இருந்தால், மாதக் கடைசியில் உங்கள் வருமானத்தைப் பாருங்கள், தயக்கம் போய்விடும்.

வாரத்தை அமைப்பது

மாணவர்கள் வர முடிகிற நேரம் மாலை. கச்சேரி நேரமும் மாலை, இரவு. இரண்டும் மோதும். வாரத்தில் இரண்டு மாலைகளை வகுப்பின்றி எப்போதும் காலியாக வைத்திருங்கள், அழைப்பு இல்லாவிட்டாலும். அந்த மாலைகளில் அழைப்பு வராதபோது மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கப் போங்கள். அடுத்த அழைப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். சொந்தப் பயிற்சி காலையில். மாணவர்களின் சுருதி பிசகிய தந்திகளை நான்கு மணி நேரம் கேட்ட காது, அதன் பிறகு எதையும் கற்காது.

காதைப் பற்றி இன்னொன்று. ஒரு நாளைக்கு 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதைத் தொழில் பாதுகாப்பு அளவாக வைக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு. டிரம்ஸின் சிம்பல் அருகே நிற்பவர் இந்தக் கணக்கை எளிதில் தாண்டிவிடுவார். எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வலி வந்தால் அன்றே நிறுத்துங்கள். வலியோடு வாசிப்பது வீரம் என்று யாராவது சொன்னால் அவர் கிட்டாரில் பிழைப்பவர் அல்லர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே இரவில் இரண்டு அழைப்புகள் வரும் நாளும் வரும். முதலில் ஒப்புக்கொண்டதை விடாதீர்கள், இரண்டாவதில் தொகை அதிகமாக இருந்தாலும். இரண்டாவதற்கு மாற்று ஆள் அனுப்புங்கள். அனுப்பப்படுபவர் உங்களைவிடச் சுமாராக இருக்க வேண்டும் என்ற கணக்கைப் போடாதீர்கள், நல்லவரை அனுப்பியவர் என்றுதான் உங்களை அழைத்தவர் நினைவில் வைப்பார். உங்கள் மாணவர்களில் ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிட்டால் அவரையே அனுப்பலாம். பாட்டுகளின் பட்டியல், பாடகரின் சுருதிகள், இடத்துக்கு வர வேண்டிய நேரம், பணம் யார் கையிலிருந்து வரும் என்பதை எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு பாட்டுகளுக்குத் தனி வாசிப்பு எதுவும் கேட்டு வாங்காமல் பின்னால் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.